கவர் பாட்டு வழியா பழைய கன்ட்ரி பாட்டுக்கு: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஒரு வாசகர், அமெரிக்க அண்ணன் தங்கச்சி ஜோடி கார்பென்டர்ஸ் பாடுன 'ஜம்பலாயா' மாதிரி வேற பாட்டு சொல்லுங்கன்னு கேட்டிருந்தாரு. கார்பென்டர்ஸ் 1973ல பாடுனது கவர் பாட்டு, அதாவது முந்தி ஒருத்தர் பாடுனதை எடுத்துப் பாடுனது, கன்ட்ரிங்கிற அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டு பாடுன ஹேங்க் வில்லியம்ஸ் 1952ல பாடுனதைக் கேளுங்க, அங்க நிக்காம இன்னும் பின்னாடி போங்கன்னு ரெண்டு வரி மட்டும் எழுதிருந்தேன். அந்த ரெண்டு வரிக்கு ராமேஸ்வரம் தீவுல இருந்து தொண்டி வரைக்கும், தெற்க மூக்கையூர் வரைக்கும் கடுதாசி, வாட்ஸ்அப்னு வந்துக்கிட்டே இருக்கு. அதனால இந்தத் தடவை முழுப் பக்கமும் இதுக்குத்தான். பேரு போட வேண்டாம்னு நிறைய பேரு கேட்டதால எல்லாருக்கும் ஊர்ப் பேரு மட்டும் போட்டிருக்கேன்.

அண்ணே, நான் சர்ச் கொயர்ல கிட்டார் வாசிக்கிறேன். நீங்க சொன்னீங்கன்னு ஹேங்க் வில்லியம்ஸ் கேட்டேன். குரல் மூக்குல இருந்து வருது, பின்னாடி பிடில் கிறீச்சுன்னு இருக்கு. கேரன் கார்பென்டர் குரல் எம்புட்டு சுகமா இருக்கு, அதை விட்டுட்டு இதை ஏன் கேக்கணும்?
வாசகி, தங்கச்சிமடம்

கேரனை விட வேண்டாம் தங்கச்சி, யாரும் அதைச் சொல்லல. கேரன் குரல்ல மயங்கித்தானே அந்தப் பாட்டு உங்களுக்குப் பிடிச்சது, அது பெரிய விஷயம். பழைய பாட்டுக்கு நேரா போயி உக்காந்தவங்க ரொம்பக் கம்மி, எல்லாரும் யாரோ ஒருத்தர் கவர் பாட்டைக் கேட்டுத்தான் போயிருக்கோம். நான் கேக்குறது என்னன்னா, பிடிச்ச பாட்டுக்கு முந்தி யாரு பாடுனாங்கன்னு ஒரு எட்டு வச்சுப் பாருங்க, அங்க ஒரு மனுஷன் இருப்பாரு, அவரோட ஊரும் காலமும் சேந்து கேக்கும்.

ஜம்பலாயாங்கிறது லூசியானா பக்கம் சோத்தோட இறால், கறி, சாசேஜ் எல்லாம் போட்டு ஒரே சட்டியில சமைக்கிறது. அந்தச் சதுப்பு நிலத்து மீன்பிடிக்கிற ஜனங்க, பிரெஞ்சு பேசுற கேஜன் ஆளுங்க, அவங்க வீட்டு விருந்தைப் பத்தின பாட்டு அது. மெட்டும் ஹேங்க் சொந்தமாப் போட்டதில்ல, 'கிராண்ட் டெக்சாஸ்'னு கேஜன் ஆளுங்க பாடிக்கிட்டு இருந்த பாட்டு மெட்டுலதான் உக்காந்திருக்கு. ஹேங்க் பாடுறப்ப அந்த விருந்துக்குக் கிளம்புற அவசரம் குரல்ல இருக்கும். கார்பென்டர்ஸ் பாட்டுல அதையெல்லாம் தேச்சு வழவழன்னு ஆக்கிட்டாங்க, அதுவும் ஒரு அழகுதான், ஆனா இறால் வாசனை போயிருச்சு.

மூக்குல பாடுறாருன்னு சொல்றீங்கள்ல, அதுக்கு ஒரு வழி சொல்றேன். நேரா அவருகிட்ட போகாதீங்க. நோரா ஜோன்ஸ் 2002 ஆல்பத்துல 'கோல்ட் கோல்ட் ஹார்ட்' இருக்கு, நோரா யாருன்னா நம்ம சிதார் ரவிசங்கரோட மக. அதைக் கேளுங்க, பியானோவும் குரலும் மெதுவா போகும். அப்புறம் டோனி பென்னட் 1951ல பாடுனது, சினிமாப் பாட்டு மாதிரி வயலின் எல்லாம் வச்சு. அதுக்கப்புறம் ஹேங்க் பாடுனது. ஒரே பாட்டை மூணு பேரு பாடிக் கேக்குறப்போ மெட்டு ஏற்கெனவே மனசுல பதிஞ்சிருக்கும், அதனால குரலை மட்டும் கவனிக்க முடியும். அப்பத் தெரியும், மத்த ரெண்டு பேரும் பாட்டை அழகாப் பாடிருக்காங்க, இவரு பாட்டுல சொல்ற வலியை அந்த நேரத்துலயே பட்டுக்கிட்டு இருக்காரு. கறுப்பினப் பாடகர் ரே சார்லஸ் 1962ல கன்ட்ரி பாட்டா எடுத்து ஒரு ஆல்பமே போட்டாரு, அதுல ஹேங்க் எழுதுன 'யூ வின் அகெய்ன்', 'ஹே குட் லுக்கிங்' ரெண்டும் இருக்கு. அந்த ஆல்பம் வர்ற வரைக்கும் கறுப்பின ஜனங்க பாட்டு வேற, கன்ட்ரி வேறன்னு நெனச்ச நிறைய பேரு அதுக்கப்புறம் அப்படி நெனைக்க முடியல.

ஹேங்கும் கவர் பாடித்தான் பெரிய ஆளானாரு, அதை நிச்சயமாச் சொல்லணும். 1949ல அவரைத் தூக்கி விட்ட 'லவ்சிக் ப்ளூஸ்' அவரு எழுதுனது இல்ல. அவரு அதை ரெக்ஸ் கிரிஃபின் 1939ல பாடுன ரெக்கார்டுல இருந்து எடுத்தாரு, ரெக்ஸ் எடுத்தது எம்மெட் மில்லர்கிட்ட இருந்து. எம்மெட் மில்லர் 1928ல பாடுனதைக் கேட்டா ஹேங்கோட குரல் உடையுற இடமெல்லாம் அங்கயே இருக்கு. எம்மெட் ஒரு வெள்ளைக்காரர், முகத்துல கரி பூசிக்கிட்டு கறுப்பின ஆளா வேஷம் போட்டு மேடையில பாடுனவரு, அந்தக் கேவலமான வழக்கம் அன்னிக்கு அமெரிக்கா பூரா இருந்துச்சு, அதையும் தெரிஞ்சுக்கிட்டுத்தான் கேக்கணும். அலபாமாவுல சின்னப் பையனா இருந்த ஹேங்குக்கு கிட்டார் சொல்லிக் குடுத்தது ரூஃபஸ் பெய்ன்னு ஒரு கறுப்பினத் தெருப்பாடகர், 'டீ டாட்'னு கூப்பிடுவாங்க. அவரு குரல் எந்த ரெக்கார்டுலயும் இல்ல. ஹேங்க் 1953 ஜனவரி 1 அன்னிக்கு செத்தாரு, 29 வயசு. டீ டாட்டை நாம கேக்கணும்னா ஹேங்க் குரல்லதான் கேக்கணும், வேற வழி கிடையாது.

தம்பி, நான் ரயில்வேல இருந்து ரிட்டயர் ஆனவன், வயசு எழுபதைத் தாண்டிருச்சு. சின்னப் பிள்ளையில சிலோன் ரேடியோவுல ஜிம் ரீவ்ஸ் கேட்டு வளந்தேன். அவரு பாடுன 'வெயிட்டிங் ஃபார் எ ட்ரெயின்' பாட்டை பேரன் போன்ல போட்டுக் குடுத்தான். கீழ எழுதுனவர் பேரு ராஜர்ஸ்னு போட்டிருக்கு. யாரு அவரு?
வாசகர், மண்டபம்

ஐயா, உங்க கடுதாசியைப் படிச்சதும் எனக்கு அம்புட்டு சந்தோஷம், ஏன்னா ரயில்வேக்காரரான நீங்க தேடிப் போனதும் ஒரு ரயில்வேக்காரர்தான். ஜிம்மி ராஜர்ஸ், 1897ல பிறந்தவரு, மிசிசிப்பி மாநிலத்துல மெரிடியன் ஊரு, ரயில்ல பிரேக்மேன், அதாவது பிரேக் போடுற வேலை பாத்தாரு. 1924ல காசநோய்னு தெரிஞ்சு போச்சு, அந்தக் காலத்துல அதுக்கு மருந்து கிடையாது, ரயில் வேலையை விட்டுட்டுப் பாட்டை நம்பி இறங்குனாரு. அவரைத்தான் கன்ட்ரி பாட்டோட அப்பன்னு சொல்றாங்க.

அவரு ரெக்கார்டு பண்ண கதை இருக்கே, அதை கொஞ்சம் விரிவாச் சொல்லணும். டென்னசி, வர்ஜீனியா ரெண்டு மாநில எல்லையும் ஒரே தெருவுல போற ஊரு பிரிஸ்டல். 1927 ஜூலை கடைசியில ரால்ஃப் பியர்னு ஒருத்தர் விக்டர் ரெக்கார்டு கம்பெனிக்காக ஒரு தொப்பிக் கம்பெனிக் கட்டடத்துல மிஷினை இறக்குனாரு. அதுக்கு ரெண்டு வருஷம் முந்திதான் மைக்ரோஃபோன் வச்சு எலக்ட்ரிக்கா ரெக்கார்டு பண்ற முறை வந்துச்சு, அதுக்கு முன்னாடி பெரிய புனல் வாயில கத்திப் பாடணும், மெல்லிசான குரலும் கிட்டாரும் அதுல சரியா விழாது. மைக் வந்ததாலதான் இந்த மாதிரி வீட்டுத் திண்ணைக் குரலெல்லாம் ரெக்கார்டுல ஏறுச்சு. முதல்ல அவ்வளவா ஆள் வரல. எர்னஸ்ட் ஸ்டோன்மேன்ங்கிற பாடகர் முந்தின வருஷம் ரெக்கார்டு மூலமா 3,600 டாலர் சம்பாதிச்சாருன்னு உள்ளூர்ப் பேப்பர்ல செய்தி வந்ததும் மலையில இருந்து சனம் இறங்கி வந்துருச்சு. மொத்தம் 19 குழு, 76 பாட்டு. ஜிம்மி ராஜர்ஸ் ஒரு குழுவோட வந்தாரு, ரெக்கார்டுல யாரு பேரைப் போடுறதுன்னு ரெக்கார்டிங்குக்கு முந்தி சண்டை வந்து குழு பிரிஞ்சிருச்சு. அதனால ஆகஸ்ட் 4 அன்னிக்கு தனியா ஒரு கிட்டாரோட நின்னு ரெண்டு பாட்டு பாடுனாரு. அதுல ஒண்ணுல யோட்லிங், அதாவது குரலைச் சட்டுனு உடைச்சு மேலயும் கீழயும் கொண்டு போறது. நவம்பர்ல நியூ ஜெர்சி கேம்டன்ல 'டி ஃபார் டெக்சாஸ்' பாடுனாரு, அது வித்த வேகத்துல அமெரிக்கா பூரா பேரு பரவிருச்சு.

உங்க பாட்டு 1928. காசில்லாம சரக்கு ரயில்ல தொத்திக்கிட்டுப் போறவன், தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல நின்னு, ரயில் வருமான்னு பாத்துக்கிட்டு இருக்கான், பிரேக்மேன்கிட்ட கெஞ்சுறான், இறக்கி விட்டுர்றாங்க. பழைய பாட்டுத் துண்டுகளை எடுத்துத்தான் தச்சிருக்காரு, ஆனா ரயில் விசிலைத் தொண்டையிலயே ஊதிக் காட்டுவாரு பாருங்க, அது அந்த வேலையில இருந்தவனுக்கு மட்டும்தான் வரும். ஜிம் ரீவ்ஸ் பாடுறது வெல்வெட் குரல், வீட்டுக்குள்ள ஈசி சேர்ல உக்காந்து கேக்குற மாதிரி பாடுவாரு. ராஜர்ஸ் அந்தப் பிளாட்பாரத்துல நிக்கிறாரு. ரெண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கய்யா.

யோட்லிங்னதும் நம்ம ஆளுங்களுக்கு ஒரு முகம் ஞாபகம் வரும், சந்திரபாபு. 'குங்குமப்பூவே' பாட்டுல குரலைத் தட்டித் தட்டி மேல கொண்டு போவாரே, அதேதான். அவரு தூத்துக்குடியில பிறந்து கொழும்புல வளந்தவரு, பிறந்தது 1927 ஆகஸ்ட், ராஜர்ஸ் பிரிஸ்டல்ல மைக் முன்னாடி நின்ன அதே மாசம். இந்தப் பொருத்தத்தை நினைச்சா எனக்கு இப்பவும் சிலிர்க்குது. வடக்க கிஷோர் குமார் ராஜர்ஸ் ரெக்கார்டையும் ஆஸ்திரேலியாவுல இருந்த டெக்ஸ் மார்ட்டன் ரெக்கார்டையும் கேட்டுத்தான் யோடல் பழகுனாருன்னு சொல்வாங்க. இன்னும் தூரம் போனாரு ராஜர்ஸ். 1950ல கென்யாவுல ஹ்யூ ட்ரேசிங்கிறவரு கிப்சிகிஸ் ஜனங்க பாட்டைப் பதிவு பண்றப்போ பொண்ணுங்க 'செமிரோச்சா'ன்னு ஒரு பாட்டுப் பாடிருக்காங்க. பாதி மனுஷன் பாதி மானா இருக்குற ஒரு ஆளைக் கூப்பிட்டு ஆடச் சொல்ற பாட்டு. கிராமஃபோன்ல கேட்ட ஜிம்மி ராஜர்ஸ்தான் அந்த ஆளு.

இன்னும் கேக்கணும்னா 'மியூல் ஸ்கின்னர் ப்ளூஸ்' எடுத்துக்கோங்க. டாலி பார்ட்டன் 1970ல பாடுனது, நான் ஒரு பொம்பளை கோவேறு கழுதை ஓட்டுறவன்னு வார்த்தையை மாத்திப் போட்டு சாட்டை சத்தத்தோட பாடுவாங்க. அதுக்கு முந்தி பில் மன்றோ 1940, வேகத்தைக் கூட்டி பிடில் வச்சுப் பறக்க விட்டாரு. அதுக்கு முந்தி ராஜர்ஸ் 1930, மெதுவா, ஒத்தைக் கிட்டாரு. கன்ட்ரிப் பாடகர் மெர்ல் ஹேகர்ட் 1969ல ராஜர்ஸ் பாட்டா எடுத்து ரெண்டு எல்பி, அதாவது நிறைய பாட்டு பிடிக்கிற பெரிய தட்டு போட்டாரு, அதுவும் ரயில் பேரை வச்சுத்தான், ராஜர்ஸ்கிட்ட போக இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியல. அப்புறம் லூயி ஆம்ஸ்ட்ராங், கறுப்பின ஜாஸ் கலைஞர். அவரு 1930ல ராஜர்ஸ் பாட்டு ஒண்ணுல ட்ரம்பெட் வாசிச்சிருக்காரு, பியானோ அவரு சம்சாரம் லில். வெள்ளைக்காரங்களுக்கு ஒரு கேட்டலாக், கறுப்பின ஆளுங்களுக்கு ஒரு கேட்டலாக்னு ரெக்கார்டு வித்த காலம் அது. நாப்பது வருஷம் கழிச்சு 1970ல கன்ட்ரிப் பாடகர் ஜானி கேஷோட டிவி நிகழ்ச்சியில கேஷ் பாட, அதே ஆம்ஸ்ட்ராங் அதே பாட்டுக்கு மறுபடி வாசிச்சாரு, யூடியூப்ல இருக்கு, பேரனைப் போடச் சொல்லுங்க.

ராஜர்ஸ் 1933 மே மாசம் நியூயார்க்ல கடைசி ரெக்கார்டிங் பண்ணப்போ ஸ்டூடியோவுலயே ஒரு கட்டில் போட்டு வச்சிருந்தாங்க, ஒரு பாட்டு பாடுறது, படுத்துக்கிறது, எந்திரிச்சு அடுத்த பாட்டு. குடும்பத்துக்குக் காசு வேணும்னு பாடுனாரு. ரெண்டு நாள்ல, மே 26, 35 வயசுல போயிட்டாரு. உடம்பு ரயில்லதான் மெரிடியனுக்குப் போச்சு.

ஜானி கேஷ் பாடுன 'ரெக் ஆஃப் தி ஓல்ட் 97' நெசமாவே நடந்த ரயில் விபத்தா?
வாசகர், பாம்பன்

நெசம்தான். 1903 செப்டம்பர் 27, வர்ஜீனியாவுல டேன்வில் ஊருக்கிட்ட, தபால் ரயில், நேரம் ஆயிப் போச்சுன்னு வேகமா வந்து மரப்பாலத்துல இருந்து கீழ விழுந்துச்சு, 11 பேரு செத்தாங்க. கேஷுக்கு முந்தி 1924ல வெர்னான் டால்ஹார்ட் பாடுனாரு, பத்து லட்சத்துக்கு மேல வித்த முதல் கன்ட்ரி ரெக்கார்டு அதுதான்னு சொல்றாங்க. அவரு ஓப்பரா பழகுன ஆளு, நியூயார்க்ல இருந்தவரு, 1923ல மில்லு வேலை பாத்துக்கிட்டு இருந்த ஹென்றி விட்டர் பாடி வச்சிருந்த ரெக்கார்டைக் கேட்டு அதை எடுத்துப் பாடுனாரு. அப்ப யோசிச்சுப் பாருங்க, கன்ட்ரி பாட்டோட முதல் பெரிய ஹிட்டே கவர் பாட்டுதான். விட்டர் பாடுனது கரடுமுரடா இருக்கும், மவுத் ஆர்கனும் கிட்டாரும் சேத்து ஒரே ஆளு, எனக்கு டால்ஹார்ட் பாடுனதை விட அதுதான் பிடிக்கும்.

1964 டிசம்பர்ல தனுஷ்கோடிப் புயல்ல போன பாசஞ்சர் ரயிலைப் பத்தி உங்க வீட்டுப் பெரியவங்க யாராச்சும் பாட்டாவோ ஒப்பாரியாவோ பாடக் கேட்டிருந்தா எனக்குக் கண்டிப்பா எழுதுங்க.

சார், காலேஜ்ல படிக்கிறேன். கிட்டார் கிளாஸ்ல முதல் பாட்டே 'ஹவுஸ் ஆஃப் தி ரைசிங் சன்'. அனிமல்ஸ் பாட்டுன்னு நெனச்சேன், ஃப்ரெண்டு டிலன் பாட்டுங்கிறான், இன்னொருத்தன் அதுக்கும் முந்திங்கிறான். எதுதான் ஒரிஜினல்?
வாசகர், கீழக்கரை

ஒரிஜினல்னு ஒண்ணைக் கைகாட்ட முடியாது தம்பி, ஆனா வரிசையாப் பின்னாடி போகலாம். அனிமல்ஸ்ங்கிற இங்கிலாந்து பேண்டு பாடுனது 1964. பாப் டிலன் 1962ல முதல் ஆல்பத்துல பாடுனாரு, அந்தக் கிட்டார் கார்டு (chord) அமைப்பு டேவ் வான் ராங்க்ங்கிற பாடகர்கிட்ட இருந்து எடுத்தது. 1937ல நாட்டுப்புறப் பாட்டு சேகரிச்ச ஆலன் லோமேக்ஸ் கென்டக்கியில மிடில்ஸ்பரோங்கிற ஊர்ல ஜார்ஜியா டர்னர்னு 16 வயசுப் பொண்ணு பாடுனதைப் பதிவு பண்ணாரு, சுரங்கத் தொழிலாளியோட மக. அதுக்கும் முந்தி 1933ல கிளாரன்ஸ் ஆஷ்லியும் க்வென் ஃபாஸ்டரும் ரெக்கார்டு பண்ணிருக்காங்க. ஆஷ்லி பாடுறதைக் கேட்டா நீங்க கிளாஸ்ல வாசிக்கிற அந்தச் சோகம் இருக்காது, ஊர் ஊராப் போற மருந்து விக்கிற கூட்டத்துல பாடிப் பிழைச்சவரு, வேகமா, எல்லாம் முடிஞ்சு போச்சுன்னு சொல்ற மாதிரி பாடுவாரு. எனக்கு அதுதான் அதிகம் வலிக்குது.

ஆஷ்லியோட கதையைக் கொஞ்சம் கேளுங்க. 1930கள்ல பஞ்சம் வந்து ரெக்கார்டு வியாபாரம் படுத்துருச்சு, அவரையும் எல்லாரும் மறந்துட்டாங்க. 1952ல ஹேரி ஸ்மித்ங்கிறவரு தன்கிட்ட இருந்த பழைய ரெக்கார்டுல இருந்து 84 பாட்டைப் பொறுக்கி ஃபோக்வேஸ் கம்பெனி மூலமா எல்பியாக் கொண்டு வந்தாரு, அதுல ஆஷ்லி பாட்டும் இருந்துச்சு. டவுன்ல இருந்த சின்னப் பசங்க அதைக் கேட்டுட்டு இந்த ஆளுங்கல்லாம் செத்துப் போயிருப்பாங்கன்னு நெனச்சாங்க. 1960ல ரால்ஃப் ரின்ஸ்லர்ங்கிறவரு ஒரு பாட்டுத் திருவிழாவுல ஆஷ்லியை நேர்லயே பாத்துட்டாரு. அவரைப் பதிவு பண்ணப் போன இடத்துல கூட வாசிக்க வந்தவரு டாக் வாட்சன், கண்ணு தெரியாத கிட்டார்க்காரர். கிட்டார் பழகுற உங்களுக்கு டாக் வாட்சன் கண்டிப்பா வேணும். ஒரு ஆளைத் தேடிப் போனா இன்னொரு ஆளு கிடைப்பாரு, இந்தப் பாட்டுத் தேடல்ல அதுதான் இனிப்பு.

நிர்வானாங்கிற ராக் பேண்டு பிடிக்கும்னா அவங்க 'அன்பிளக்டு' ஆல்பத்துக் கடைசிப் பாட்டை எடுங்க, அது லெட் பெல்லிங்கிற கறுப்பினப் பாடகர் பாடுனது, அதே பாட்டை 'இன் தி பைன்ஸ்'னு பில் மன்றோ 1941ல பாடிருக்காரு, டாக் வால்ஷ் 1926லயே பாடிட்டாரு. கறுப்பின ஆளுங்களும் வெள்ளைக்காரங்களும் ஒரே பாட்டைக் கை மாத்திக்கிட்டே வந்திருக்காங்க.

அடுத்தவன் பாட்டை எடுத்துப் பாடித் தன் பேரைப் போட்டுக்கிட்டா அது திருட்டு இல்லையா? கார்ட்டர் ஃபேமிலி பாட்டுல எல்லாம் ஏ.பி. கார்ட்டர் எழுதுனதுன்னு இருக்கு, பழைய பாட்டுன்னும் சொல்றாங்க.
வாசகர், தொண்டி

நல்ல கேள்வி பாய். எடுத்துப் பாடுறது திருட்டு இல்ல, ஆனா பேரு விஷயத்துல நீங்க கேக்குறது நியாயம். ஏ.பி. கார்ட்டர், அவரு சம்சாரம் சேரா, தம்பி சம்சாரம் மேபெல், மூணு பேரும் ராஜர்ஸ் பாடுறதுக்கு ரெண்டு மூணு நாள் முந்தி அதே பிரிஸ்டல் கட்டடத்துல பாடுனவங்க, மேபெலுக்கு 18 வயசு, வயித்துல பிள்ளை. மேபெல் கட்டை விரல்ல தடிச்ச கம்பியில மெட்டை வாசிச்சுக்கிட்டே மத்த விரல்ல தாளத்தைத் தட்டுவாங்க, தங்கச்சிமடத்துத் தங்கச்சி கண்டிப்பா இதைப் பழகிப் பாக்கணும், 'வைல்ட்வுட் ஃப்ளவர்' அதுக்குப் பாடம் மாதிரி. அந்தப் பாட்டு 1860ல அச்சுல வந்த பாட்டு. 'கீப் ஆன் தி சன்னி சைட்' 1899ல வந்த சர்ச் பாட்டு. ரெக்கார்டு பண்ண ரால்ஃப் பியர், விக்டர் கம்பெனிகிட்ட சம்பளம் வாங்காம பாட்டு உரிமை வருமானத்தை எடுத்துக்கிறதா ஒப்பந்தம் போட்டவரு, அதனால பதிவு பண்ணாத பழைய பாட்டைக் கொஞ்சம் மாத்தி ஒரு பேருல பதிவு பண்றது அவருக்கும் லாபம், பாடுறவங்களுக்கும் காசு. ஏ.பி. மலைமலையா நடந்து வீட்டு வீட்டுக்குப் போயி பாட்டு சேத்தாரு, அந்த உழைப்பு பெரிசு, அதை நான் குறைச்சுச் சொல்லமாட்டேன்.

ஆனா அவரு கூட ஒருத்தர் போனாரு, லெஸ்லி ரிடில். கறுப்பினத்தவர், சிமென்ட் ஆலை விபத்துல ஒரு கால் போனவரு. ஏ.பி. வார்த்தையை எழுதிக்குவாரு, ரிடில் மெட்டை மனசுல ஏத்திக்கிட்டு வந்து வீட்டுல வாசிச்சுக் காட்டுவாரு. மேபெலும் அவருகிட்ட கிட்டார் கத்துக்கிட்டாங்க. ரெக்கார்டுல ஒரு இடத்துலயும் அவரு பேரு கிடையாது. 1960கள்ல மேபெல் சொல்லித்தான் மைக் சீகர்ங்கிற பாடகர் அவரைத் தேடிப் பிடிச்சுப் பதிவு பண்ணாரு. அதைத்தான் நான் அநியாயம்னு சொல்வேன், எடுத்ததை இல்ல, பேரைச் சொல்லாம விட்டதை. நிட்டி கிரிட்டி டர்ட் பேண்டுன்னு கலிஃபோர்னியாப் பசங்க 1972ல மேபெல், ராய் ஏகஃப், டாக் வாட்சன், ஏர்ல் ஸ்க்ரக்ஸ் எல்லாரையும் கூப்பிட்டு உக்கார வச்சு மூணு எல்பி போட்டாங்க பாருங்க, கவர் பாடுனா அப்படிப் பாடணும், அட்டையில அம்புட்டுப் பேரு பேரும் இருக்கு.

பழைய ரெக்கார்டு எங்க கிடைக்கும்? யூடியூப்ல போட்டா ஒரே இரைச்சல்.
வாசகி, தேவிபட்டினம்

பாட்டுப் பேரோட எழுதுனவர் பேரையும் சேத்துத் தேடுங்க. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தோட சாண்டா பார்பரா வளாகம் பழைய அமெரிக்க ரெக்கார்டுகளோட பட்டியலை இணையத்துல வச்சிருக்கு, எந்தத் தேதி எந்த ஊர்ல யாரு வாசிச்சதுன்னு வரும், சிலதைக் கேக்கவும் செய்யலாம். இன்டர்நெட் ஆர்க்கைவ்ங்கிற இணையதளத்துல 78 ஆர்பிஎம், அதாவது நிமிஷத்துக்கு 78 தடவை சுத்துற பழைய தட்டுகளோட தொகுப்பு இருக்கு. இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவு உரிமை 60 வருஷம்தான், அதனால 1920கள் ரெக்கார்டைக் கேக்குறதுக்குத் தயங்க வேண்டாம். இரைச்சலைப் பத்திக் கவலைப்படாதீங்க அக்கா, கடலோரம் குடியிருக்கிற நமக்கு அலைச் சத்தம் காதுல விழாம போற மாதிரி நாலு பாட்டுல அதுவும் போயிரும். ஒரு பாட்டு மூணு நிமிஷம்தான், அதுக்கு மேல அந்தத் தட்டுல இடம் கிடையாது, அதனால திரும்பத் திரும்பக் கேக்கலாம். ஹெட்ஃபோன் வேண்டாம், சின்ன ஸ்பீக்கர் போதும், அதுல கேட்டா நல்லாருக்கும்.

எங்க தாத்தா கரைவலை இழுக்குறப்போ அம்பாப் பாட்டு பாடுவாரு. அதை இப்ப நாங்க கிட்டார் வச்சுப் பாடலாமா?
வாசகர், மூக்கையூர்

தாராளமாப் பாடுங்க. ஆனா அதுக்கு முந்தி தாத்தா பாடுறதைப் போன்ல பதிவு பண்ணிருங்க, அவரு இப்பவும் பாடுறாருன்னா நாளைக்கே. கிட்டார் வேண்டாம், ஃபேனை நிப்பாட்டிட்டு, காத்து அடிக்காத இடமாப் பாத்து உக்கார வச்சு, முதல்ல அவரு பேரு, ஊரு, யாருகிட்ட கத்துக்கிட்டாரு, எந்த வேலைக்குப் பாடுறது, அன்னிக்குத் தேதி, எல்லாத்தையும் அவரு வாயாலயே சொல்லச் சொல்லுங்க, அப்புறம் பாட்டு. முடிஞ்சா வலை இழுக்குற இடத்துலயே, நாலு பேரு பதில் குரல் குடுக்க, இன்னொரு தடவை. ரெண்டையும் ரெண்டு இடத்துல காப்பி எடுத்து வைங்க. நீங்க பாடி வெளியிடுறப்போ அவரு பேரை முதல்ல போடுங்க, அவரு பாடுனதையும் கூடவே ஏத்துங்க. லிங்க் அனுப்பினா அடுத்த இதழ்ல எழுதுறேன்.